ஒரு அந்தருக்கு எத்தனை கிலோ? வாவியின் இரு கரையும் ஒரு படிக்கல்லோடு

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஆட்கள் தார் வீதியிலேயே படுத்தெழும்பிய வருசம் போய், அதற்கு அடுத்த வருசம். காஸ் சிலிண்டர் திரும்பக் கடைவாசலுக்கு வந்திருந்தது. பாண் விலை ஏறின ஏற்றத்தில் இருந்து கொஞ்சம் இறங்கியிருந்தது. பெரும்போக வெட்டு முடிந்து, வயல் வட்டையெல்லாம் வெறும் அரிதாளாகக் கிடந்த பங்குனி மாதம். அந்த மாதத்தில்தான் இந்தப் பயணம் போனேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம் மட்டும் தெரியும். இந்தப் பயண வலைப்பக்கத்தை நடத்துகிறவள் என் மகள் சாந்தி. தேற்றாத்தீவில் தையல் தைக்கிறாள், ஓய்ந்த நேரத்தில் ஊர் சுற்றுகிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டுகிறாள். பஸ் நேரமும் காசும் தூரமும் அவள் ஃபோனில் குறித்து வைத்தவை. மிச்சம் என் தலையில் கிடந்தவை. அதில் பிழை இருந்தால் என்னைத் திட்டுங்கள்.

தொடங்கினது பேக்கரிப் பாணில். எங்கள் பக்கத்தில் அரிசி கிலோ, சீனி கிலோ, மீனும் கிலோ. பாணை மட்டும் இன்னும் றாத்தல் என்றுதான் கேட்போம். ஒரு நாள் காலமை என் அக்கா பூரணம் பாணைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது றாத்தலில்ல" என்றாள். அக்கா என்னைவிட ஆறு வயது மூப்பு. புருசன் போனபிறகு எங்களோடு இருக்கிறாள். இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண்ணில் புகை மூடியிருந்தது. அதை வெட்டுவதற்கு மட்டக்களப்பில் வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை என்று நாள் கொடுத்திருந்தார்கள். நாளைத் தவறவிட்டால் இனி எப்போது என்று சொல்ல முடியாது, கண்ணும் பொறுக்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

நான் பாணைச் சாந்தியின் சமையல் தராசில் வைத்தேன். நானூற்றைம்பது கிராம். "சரியாத்தான் கிடக்கு. பாண் றாத்தல் நானூற்றைம்பது. பழைய றாத்தல் எண்டா அதுக்கு மேல மூண்டரை கிராம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் எங்கே நிறுத்துகிறது? "அந்தரும் அப்பிடித்தான். கடைக்காரன் ஐம்பது கிலோ மூடையை அந்தர் எண்டு விக்கிறான். அது அந்தரில்ல. அந்தர் எண்டா நூற்றிப்பன்னிரண்டு றாத்தல். ஐம்பது கிலோவுக்கு மேல வரும்."

அக்காவின் கையிலிருந்த பாண் துண்டு தேத்தண்ணிக்குள் விழுந்தது.

ஏன் விழுந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். சூறாவளி அடித்த வருசம் நான் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், பழுகாமத்துக்குக் கிட்ட, வாவிக்கரையில் இருந்த, நெல் வாங்கிச் சேர்க்கிற ஒரு ஸ்ரோரில் நாட்டாமை. நாட்டாமை என்றால் மூடை தூக்குகிறவன். வேறு பெரிய அர்த்தம் எடுக்கவேண்டாம். அடித்து ஓய்ந்து மூன்று நாள் என்னைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அக்கா எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குப் போய், "என்ட தம்பி உயிரோட வந்தா, அவன் முதுகில தூக்கிற அந்தர் ஒண்டு அரிசி உனக்குப் பொங்கித் தாறன் தாயே" என்று நேர்ந்தாள். நாலாம் நாள் நான் வந்துவிட்டேன். அரிசி வர ஆறு வருசம் சென்றது. அதற்குள் றாத்தல் போய்க் கிலோ வந்துவிட்டது. அக்கா கடையில் போய் அந்தர் என்று கேட்டாள், கடைக்காரன் ஐம்பது கிலோ மூடையைக் கொடுத்தான், அவள் பொங்கிக் கும்பிட்டாள்.

"அப்ப நான் அம்மாளுக்குக் குறைச்சுக் குடுத்திருக்கிறன்" என்றாள் அக்கா.

"எவ்வளவு குறை அக்கா, சும்மா ஒரு பிடி அரிசி."

"பிடி எண்டு நான் நேரல்ல. ஒரு கண் ஏன் போனது எண்டு இப்ப விளங்குது. குறையோட போய் மத்தக் கண்ணில கத்தி வைக்க எனக்கு ஒண்ணா."

சாந்தி கெஞ்சினாள். டொக்டரின் பேரைச் சொல்லி வெருட்டினாள். அக்கா அசையவில்லை. சரி, குறையைக் கொடுத்துவிடுவோம் என்று கணக்குப் போட்டேன். எங்கள் காலத்து நாட்டாமைகளிடம் ஒரு வழி உண்டு: றாத்தலைப் பாதியாக்கு, அந்தப் பாதியில் பத்தில் ஒன்றைக் கழி, கிலோ வரும். நூற்றிப்பன்னிரண்டில் பாதி ஐம்பத்தாறு. அதில் ஐந்தும் அரையும் சொச்சமும் போனால் ஐம்பது கிலோ நானூறு கிராம். குறை நானூறு கிராம். சாந்தி ஃபோனில் தட்டினாள். அது ஐம்பது கிலோ எண்ணூற்றியிரண்டு கிராம் என்றது. குறை அங்கே இரட்டிப்பு!

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். "தகப்பன் ஒரு கணக்கு, மகள் ஒரு கணக்கு. நான் நேர்ந்தது ஃபோன்ட அந்தரும் இல்ல, உன்ட வாய்க்கணக்கு அந்தரும் இல்ல. நீ முதுகில தூக்கின அந்தர். அது எத்தினை கிலோ? அதைச் சொல்லு."

உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளுக்குள் ஒரு கேள்வி நெடுநாளாகக் கிடந்தது. கிலோ வந்தபிறகு வேறு ஸ்ரோர்களில் ஐம்பது கிலோ மூடை தூக்கியிருக்கிறேன். முதல் மூடை முதுகில் ஏறினபோதே இலேசாக இருந்தது. எண்ணூறு கிராம் குறைந்ததால்தான் என்று ஆட்கள் சொன்னார்கள். எண்ணூறு கிராம் என்றால் ஒரு தேங்காய். என் முதுகுக்கு ஒரு தேங்காய் தெரியுமா? தெரிந்தது ஒரு தேங்காய் இல்லை, அதைவிடப் பெரிசு. அது என்ன என்று பார்க்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் ஆசை வந்தது. அந்த ஸ்ரோர் இப்போது இல்லை. ஆனால் அதன் படிக்கல் ஒன்று எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலமை 6.50க்குத் தேற்றாத்தீவுச் சந்தியில் பஸ் ஏறினோம், நானும் சாந்தியும். களுவாஞ்சிகுடிக்குப் பத்து நிமிசம், ஆளுக்கு நாற்பது ரூபாய். அங்கே இருந்து ஓட்டோ. பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி, போரதீவு வழியாகப் பழுகாமம் ஏழரைக் கிலோமீற்றர் என்று ஓட்டோவின் மீற்றர் காட்டியது, எழுநூறு ரூபாய். பாலத்தில் ஒரு நிமிசம் நிறுத்தச் சொல்லுங்கள். விடியக்காலமை வாவி கண்ணாடிபோலக் கிடக்கும். இறால் வலை போட்ட தோணிகள் அங்கங்கே நிற்கும்.

ஓட்டோக்காரர் நாற்பது வயதுக்காரர். "படிக்கல் பாக்கவா பழுகாமம் போறீங்க, ஐயா? ஆக்கள் கோயில் பாக்கப் போறவங்க."

"கோயிலுக்குத்தான் தம்பி இந்தக் கல்லே."

அவருக்கு விளங்கவில்லை. விளக்கினேன். பழுகாமம் வந்து சேரும்வரைக்கும் அவர், "அப்ப நான் வாங்கின சீமெந்து மூடை அந்தர் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கல் கிடந்த வீடு மங்களத்தின் வீடு. மங்களம் அறுபது வயது மனிசி. ஸ்ரோரில் தராசு பிடித்த சாமித்தம்பியின் மகள். சாமித்தம்பி அண்ணன் செத்துப் பதினைந்து வருசம். ஸ்ரோர் மூடினபோது சம்பளத்துக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்த பழைய சாமான்களில் அந்தக் கல்லும் ஒன்று. இப்போது அது மாமரத்தடியில் ஆடு கட்டுகிற கல். நான் போனபோது ஒரு கறுத்த கிடாய் அதைச் சுற்றிச் சுற்றிக் கயிற்றைக் கட்டையாக்கிக்கொண்டு நின்றது.

"அம்பது வருசத்துக்குப் பிறகு வாறீங்க, என்னைப் பாக்கவும் இல்ல, கல்லைப் பாக்க" என்றாள் மங்களம். "கல்லுக்குப் பொண்ணு கேட்டு வந்தியளா?"

"உங்கட கிடாய்க்குத்தான் புள்ள. இரு, கயித்தை அவிழு."

ஆட்டை மரத்தில் கட்டிவிட்டுக் கல்லை நிமிர்த்தினோம். மேலே பிடிக்க ஒரு வளையம். பக்கத்தில் எழும்பின எழுத்து. அதில் என்ன எழுதிக் கிடக்கிறது என்று எத்தனையோ வருசம் அதைத் தூக்கிவைத்த எனக்குத் தெரியாது. இலக்கம் மட்டும் தெரியும்: ஐம்பத்தாறு. சாந்தி வாசித்துச் சொன்னாள், மிச்சம் இங்கிலிசில் றாத்தல் என்று. ஐம்பத்தாறு றாத்தல், அரை அந்தர். இதேபோல் இன்னொன்று இருந்தது. இரண்டையும் ஒரு தட்டில் வைத்தால் ஒரு அந்தர், மறுதட்டில் நெல்மூடை.

அந்த ஸ்ரோரின் வழமையை இங்கே சொல்லவேண்டும். மற்ற இடங்களில் நெல்லைப் புசல் கணக்கில் அளந்து வாங்கினார்கள். எங்கள் முதலாளி நிறுத்துத்தான் வாங்குவார். அளக்கிறதில் கை விளையாடும், நிறுக்கிறதில் விளையாடாது என்பார். ஒவ்வொரு நாளும் காலமை, விவசாயிகள் பார்த்துக்கொண்டு நிற்க, சாமித்தம்பி அண்ணன் ஒரு தட்டில் ஒரு கல்லும் மறுதட்டில் மற்றக் கல்லும் வைப்பார். முள் நேரே நிற்கும். "பாத்தீங்களா? சரியா?" என்பார். எல்லாரும், "சரி" என்போம். பிறகுதான் நிறுவை தொடங்கும். அப்படி நேர்மையான ஸ்ரோர் என்று படுவான்கரை முழுக்கப் பேர்.

பழுகாமத்தில் இப்போது நெல் வாங்குகிற ஒரு கடையில் மின்தராசு இருந்தது. கல்லை ஓட்டோவில் ஏற்றி அங்கே கொண்டுபோனோம். மங்களமும் வந்தாள். ஐம்பத்தாறு றாத்தல் என்றால் இருபத்தைந்து கிலோ நானூறு கிராம் வரவேண்டும் என்று சாந்தி முதலே சொல்லிவைத்திருந்தாள்.

தராசில் சிவப்பு இலக்கம் ஓடி ஓடி நின்றது. இருபத்தாறு கிலோ முந்நூறு.

கடைக்காரர் கல்லை இறக்கி ஏற்றிப் பார்த்தார். அதேதான். ஓட்டோக்காரர் தானும் ஏறி நின்று பார்த்தார். அவருடைய நிறை சரியாம்.

நான் கல்லைக் கவிழ்த்தேன். அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம், கறுப்புக் கீல் பூசினது. சாவியால் சுரண்டினேன். வெள்ளையாக மின்னியது. ஈயம். இந்த மாதிரிக் கல்லுக்கு அடியில் கொஞ்சம் ஈயம் இருக்கிறது வழமைதான். நிறையைச் சரிபார்க்க ஊற்றுவார்கள். ஆனால் இது சரிபார்த்த அளவு இல்லை. குடைந்து நிரப்பின அளவு. வாங்குகிற கல் பாரமாக இருந்தால் மறுதட்டில் கூட நெல் விழும். காசு அந்தருக்குத்தான்.

இரண்டு கல்லையும் எதிர் எதிரே வைத்தால் முள் நேரே நிற்கும்தானே. இரண்டும் ஒரே அளவு பொய் என்றால் நிற்காமல் என்ன செய்யும்? ஏழு நாட்டாமையும் ஊர் விவசாயிகளும் ஒவ்வொரு நாளும் காலமை பார்த்து, "சரி" என்றது அதைத்தான்.

மங்களத்தின் முகம் மாறிவிட்டது. "என்ட அப்பாவைக் கள்ளனெண்டு சொல்லவா இவ்வளவு தூரம் வந்தியள்?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல புள்ள. கல் முதலாளி வாங்கினது."

"மெசின் பிழை. நெல் வாங்கிற மெசின் எப்பயும் பிழைதான்." கடைக்காரர், "அக்கா!" என்றார். அவள் விடவில்லை. "எங்கயாவது படிச்ச ஆக்கள்ட மெசினில நிறுத்துப் பாருங்க. அதுவும் இதைச் சொன்னா நான் நம்புறன். கல்லைக் கொண்டுபோங்க. ஆனா திரும்பக் கொண்டுவரணும். ஆடு கட்டக் கல்லில்ல."

படித்த ஆட்களின் தராசு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் ஊர் மூர்த்தி வந்தாறுமூலையில் கம்பஸ் லேப்பில் வேலை. அவருக்குச் சாந்தி ஃபோன் எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலமை 7.15க்குத் தேற்றாத்தீவில் பஸ். கல்லை இரட்டைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். இருபத்தாறு கிலோ. எழுபத்திநாலு வயதில் அதை நானே தூக்கி மிதிபலகையில் வைத்தேன். சாந்திக்குக் கோபம். கொண்டக்டர் சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை.

"இதுக்குள்ள என்ன ஐயா, அம்மியா?"

"படிக்கல்."

"இது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைட நிறை வருமே. அரை டிக்கட் போடவா?"

"போடு தம்பி. ஆனா சீற் ஒண்டு தரணும்."

பஸ்ஸே சிரித்தது. டிக்கட் போடவில்லை. மட்டக்களப்புக்கு ஐம்பத்தைந்து நிமிசம், ஆளுக்கு நூற்றியிருபது ரூபாய். அங்கே வாழைச்சேனை பஸ்ஸுக்கு மாறினோம். ஏறாவூர், செங்கலடி தாண்டி வந்தாறுமூலை பதினேழு கிலோமீற்றர், நாற்பது நிமிசம், தொண்ணூறு ரூபாய். கம்பஸ் வாசலில் காவலாளி சாக்கை அவிழ்த்துப் பார்த்தார். படிக்கல்லைக் கண்டதும் ஒன்றும் கேட்கத் தோன்றாமல் விட்டுவிட்டார்.

மூர்த்தி கல்லை இரும்புத் தூரிகையால் உரசித் துருவைத் தட்டினார். முதலில், தனக்கு நிறை தெரிந்த ஒரு பித்தளைக் குண்டைத் தராசில் வைத்துக் காட்டினார். "மாமா, தராசு சரியெண்டு முதல் நீங்க நம்பணும்" என்றார். எனக்கு அது பிடித்தது. ஒரு கல்லை இன்னொரு கல்லோடு வைத்துக் காட்டுகிறதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "இந்தக் குண்டு எங்களுக்குள்ள பாத்தது இல்ல. வெளியில கொண்டுபோய், வேற ஆக்கள்ட குண்டோட பாத்தது" என்றார். எங்கள் ஸ்ரோரின் இரண்டு கல்லும் அந்த வாசலைத் தாண்டி வெளியே போனதே இல்லை.

கல் ஏறியது. இருபத்தாறு கிலோ இருநூற்றித்தொண்ணூறு கிராம். மூர்த்தி றாத்தலாக்கினார். ஒரு றாத்தல் நானூற்றைம்பத்துமூன்று கிராமும், ஒரு கிராமைப் பத்தாக்கினால் அதில் ஆறும். வகுத்தால் ஐம்பத்தெட்டு றாத்தலுக்கு ஒரு நுள்ளுக் குறைய. "அந்த நுள்ளு துருவில போயிருக்கும். ஐம்பத்தெட்டு எண்டே எடுக்கலாம்" என்றார். கல்லுக்கு இரண்டு றாத்தல் கூட. அந்தருக்கு நாலு றாத்தல் கூட. நான் முதுகில் தூக்கின அந்தர் நூற்றிப்பன்னிரண்டு இல்லை, நூற்றிப்பதினாறு. கிலோவில் ஐம்பத்திரண்டு கிலோ அறுநூற்றிப்பதினேழு கிராம்.

என் முதுகு சொன்னது சரி. அந்தச் சந்தோசம் ஒரு நிமிசம் இருந்தது. பிறகு யோசேப்பு ஞாபகத்துக்கு வந்தான்.

யோசேப்பு எங்கள் ஏழு பேரில் ஒருவன். மட்டக்களப்பு டவுண் பக்கத்து ஆள். மெல்லிசு. வந்த முதல் மாதமே, "மச்சான், இது அந்தரில்ல, கூடக் கிடக்கு" என்று சொல்லத் தொடங்கினான். அவன் அதற்கு முன்னம் துறைமுகத்தில் அந்தர் மூடை தூக்கினவன், அவனுக்கு வித்தியாசம் தெரிந்தது. எங்களுக்கு அந்த ஸ்ரோர் தவிர வேறு அந்தர் தெரியாது. நாங்கள் சிரித்தோம். அவனுக்குப் பஞ்சு என்று பட்டம் வைத்தது நான்தான். "பஞ்சு யோசேப்புக்குப் பஞ்சு மூடை கொண்டுவாங்கடா" என்று கத்தினதும் நான்தான். சூறாவளிக்கு முந்தின வருசம், தோணிக்கு ஏறுகிற பலகையில் இருந்து ஒரு மூடையோடு வாவிக்குள் சறுக்கி விழுந்தான். இடுப்பு அடிபட்டது. முதலாளி, தூக்க மாட்டாதவன் என்று நிற்பாட்டினார். அவன் எழும்பி நின்று, "கல்லைக் கவிட்டுப் பாருங்க" என்றான். ஒருவரும் கவிழ்க்கவில்லை. கல்லுக்குக் கிட்ட நின்றது நான்.

அவன் வீடு டவுணில், நாங்கள் திரும்பின பஸ் போகிற வழியில் இருக்கிற ஒரு ஒழுங்கைக்குள். சாந்தி, "அப்பா, இறங்குவமா?" என்றாள். கல் பாரம் என்றேன். பஸ் அந்த ஒழுங்கையைத் தாண்டிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம், "ரெண்டு கிலோ அறுநூற்றிப்பதினேழு கிராம் குறை. இதுதான் முடிஞ்ச கணக்கு" என்றேன். கல் பாரக் கல் என்றதையும் சொன்னேன். யோசேப்பைச் சொல்லவில்லை. அக்கா வெள்ளிக்கிழமை கடையில் பச்சை அரிசி நிறுத்து வாங்கினாள். கடைத் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் காட்டும், 2.620 வந்ததும், "மூண்டு கிராம் அம்மாளுக்கு என்ட கணக்கில" என்றாள். பொங்கினாள். அடுத்த வியாழக்கிழமை, கொடுத்த நாளிலேயே, கண்ணை வெட்டிக்கொண்டாள்.

இந்தப் பக்கம் வரப்போகிற ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம். பழுகாமத்துக்குக் காலமை எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள், வெயில் ஏறினால் வட்டை வெளியில் நிழல் இல்லை. திரும்புகிறதற்கு ஓட்டோக்காரரை நிற்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள், நின்றதற்கு எங்களிடம் முந்நூறு எடுத்தார். வந்தாறுமூலைக்குப் போகிறவர்கள் செங்கலடியில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பழைய ஆட்கள் றாத்தல் சொன்னால் பாதியாக்கிப் பத்தில் ஒன்றைக் கழியுங்கள். சந்தைக்கு அது போதும். கிலோவை றாத்தலாக்க இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒன்றைக் கூட்டுங்கள். நேர்த்திக்கடனுக்கும் மருந்துக்கும் அந்த வழி வேண்டாம், சரியான கணக்குப் பாருங்கள். யாராவது அந்தர் என்றால் ஐம்பது கிலோவா, ஐம்பது கிலோ எண்ணூறா என்று கேளுங்கள். யாராவது ஒரு கல்லை இன்னொரு கல்லோடு வைத்துக் காட்டி, "சரியா?" என்று கேட்டால், இரண்டையும் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

மங்களம் இரண்டு தரம் ஃபோன் எடுத்தாள். முதல் தரம், கிடாய் மாமரத்துக் கொப்பை முறித்துவிட்டது, கல் எங்கே என்று. இரண்டாம் தரம் கம்பஸ் கணக்கைச் சொன்னேன். பிறகு, "அப்பாக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள். "தெரிஞ்சிருக்காது புள்ள" என்றேன். அது உண்மையா என்று எனக்கும் தெரியாது.

கண் கட்டு அவிழ்த்து நாலாம் நாள் அக்கா வீடு முழுக்க நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாந்தியின் தையல் மெசினைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்து, "நீ கிழவனாப் போனாய்" என்றாள். கதவுக்குப் பின்னால் கிடந்த கல்லைப் பார்த்தாள். கவிழ்க்கச் சொன்னாள். குனிந்து, ஈயத்தில் விரலை வைத்து, வட்டம் முழுக்கத் தடவினாள்.

"ஒரு மெல்லிசுப் பொடியன் சொல்லிக்கொண்டிருந்தானே, கூடக் கிடக்கு எண்டு. நான் உனக்குச் சோத்துப் பார்சல் கொண்டு வரக்குள்ள எனக்கும் ஒரு நாள் சொன்னவன். நீ அவனைப் பழிச்சுச் சிரிச்சாய்."

நான் கல்லைத் திரும்ப நிமிர்த்தினேன்.

"என்ட குறையைக் குடுத்திட்டன் தம்பி. உன்ட குறை எத்தினை கிலோ?"

அதனால் நாளைக் காலமை 6.40 பஸ்ஸில் மட்டக்களப்புக்குக் கல்லையும் கொண்டு போகிறேன். அங்கே இருந்து திரும்பினபிறகுதான் மங்களத்துக்கு. சாந்தி கூட வருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றேன். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்ற ஏழு பேரில் இளையதம்பி சூறாவளிக்குள் போனான். கணபதிப்பிள்ளை பாம்பு கடித்து. சீனித்தம்பி சண்டைக் காலத்தில், எங்கே என்று தெரியாது. அலியார் கடல் வந்த அன்றைக்கு. வேலுப்பிள்ளை போன வருசம், பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு வந்து படுத்தவன் எழும்பவில்லை. என்னை விட்டால் இன்னும் இருக்கிறது ஒரே ஒருவன். யோசேப்பு.